தாய்மார் நட்ட பசுமை வளையம்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. படைத்தவர் நம்மைக் கைவிடார் என்னும் உறுதியை அது நமக்குத் தருகிறது. ஆனால் அதே பழமொழியை நாம் வேறொரு விதமாகவும் கையாண்டுவிடுகிறோம். விழா நாளில் ஒரு கன்றை நடுகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், தண்ணீர் ஊற்றும் வேலையை ஆண்டவரிடமே ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அடுத்த கோடையில் அவ்விடத்தில் காய்ந்த குச்சி ஒன்றுதான் நிற்கும்.

ஜூபிலி ஆண்டு என்பது பின்னோக்கிப் பார்த்து நன்றி கூறவும், முன்னோக்கிப் பார்த்துத் திட்டமிடவும் உரிய காலம். நம் பங்கின் வரலாறு இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெறுகிறது. இக்கட்டுரையில் கடல் கடந்த ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, கோடிக்கணக்கான மரங்களை வளர்த்த வரலாறு அது. பங்குதோறும் சபைகளும் சங்கங்களும் வைத்திருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்றே கருதுகிறோம்.

ஓடையும் அத்திமரமும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளது கென்யா நாடு. அதன் நடுவே 5,199 மீட்டர் உயரமுள்ள கென்யா மலை எழுந்து நிற்கிறது. அம்மலைக்கும் அபர்தேர் மலைத் தொடருக்கும் இடைப்பட்ட வளமான மேட்டு நிலத்தில் கிக்குயு இன மக்கள் பயிர் செய்து வாழ்கிறார்கள். அங்கே நியேரி பகுதியைச் சேர்ந்த இஹிதே என்னும் சிற்றூரில், 1940 ஏப்ரல் 1ஆம் நாள், ஓர் எளிய உழவர் குடும்பத்தில் வாங்கரி மாத்தாய் பிறந்தார்.

அவர்கள் வீட்டருகே அத்தி இனத்தைச் சேர்ந்த பெருமரம் ஒன்று இருந்தது. அது கடவுளின் மரம், அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட விறகுக்கு எடுக்கலாகாது என்று தாய் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த மரத்தின் அருகே ஓர் ஓடை பிறந்தது. தெளிந்த அந்நீரில் தவளை முட்டைகள் மணி மணியாய் மிதப்பதைக் கண்டு, அவற்றை எடுத்துக் கழுத்தில் அணியச் சிறுமி வாங்கரி பலமுறை முயன்றதுண்டு.

பல்லாண்டு கழித்து அவர் ஊர் திரும்பியபோது அந்த மரம் இல்லை. தேயிலை பயிரிடுவதற்காக அதை வெட்டிவிட்டார்கள். மரம் போனபின் ஓடையும் வற்றிவிட்டது. அத்திமரத்தின் வேர் ஆழத்துப் பாறையைப் பிளந்து இறங்கி, நிலத்தடி நீர் மேலே வர வழி செய்கிறது. சரிவில் மண்ணையும் பற்றி நிறுத்துகிறது. முன்னோர் பக்தி என்ற பெயரால் காத்து வந்தது தங்கள் தண்ணீரையே என்பது, விஞ்ஞானம் படித்த பிறகே அவருக்கு விளங்கியது.

வெள்ளையர் ஆட்சியில் அந்நாட்டின் இயற்கைக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. தேயிலை, காப்பித் தோட்டங்களும், விரைந்து வளரும் பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்களும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. நம் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நேர்ந்த கதையும் ஏறக்குறைய இதுவே அன்றோ! 1963 டிசம்பர் 12இல் கென்யா விடுதலை பெற்ற பின்னும் இப்போக்கு நிற்கவில்லை. சிறு குடியானவர்களும் காசு தரும் பயிருக்காகத் தங்கள் நிலத்து மரங்களை வெட்டலாயினர்.

இதில் மறைபரப்புப் பணியாளர்களின் போதனைக்கும் ஓரளவு பங்குண்டு என்பதை அம்மையார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கென்யா மலையில் கடவுள் உறைகிறார் என்று நம்பிய மக்களிடம் அவ்வாறில்லை என்று கற்பித்தபோது, மலைக்கும் மரத்துக்கும் இருந்த மரியாதையும் சேர்ந்தே குறைந்துபோயிற்று. நாம் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

கன்னியர் தந்த கல்வி

இதைச் சொன்ன அவரே, தம்மை வளர்த்த கன்னியரை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைத்தவர். பதினோராம் வயதில் அவர் நியேரியை அடுத்த மத்தாரி கத்தோலிக்க மறைப்பணித் தளத்திலிருந்த புனித செசிலியா பள்ளியில் விடுதி மாணவியாகச் சேர்ந்தார். இத்தாலிய நாட்டுக் கொன்சொலாத்தா சபைக் கன்னியர் நடத்திய பள்ளி அது. அங்கேதான் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, மேரி ஜோசபின் என்னும் பெயர் பெற்றார். மரியாயின் சேனையிலும் உறுப்பினராயிருந்தார். பிறர்க்குத் தொண்டு செய்வதே இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்னும் பாடம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் ஊன்றியது இச்சேனையின் வழியாகத்தான். நம் பங்கிலும் சேனை வீரர்களாய் உழைக்கும் அன்னையர் இதை அறிந்து மகிழலாம்.

பின்னர் 1956 முதல் 1959 வரை லிமுருவில், அயர்லாந்து லொரேட்டோ கன்னியரின் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். புனித அன்னை தெரேசாள் முதன்முதலில் சேர்ந்திருந்ததும் இந்த லொரேட்டோ சபையே. 1960இல் ஏறத்தாழ 300 கென்ய மாணவர்கள் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டனர். அப்போது செனட்டராயிருந்த ஜான் கென்னடியின் குடும்ப அறக்கட்டளை அதற்குப் பொருளுதவி செய்தது. அவ்வாறு சென்றவர்களுள் வாங்கரியும் ஒருவர். கான்சஸ் மாநிலத்தில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய கல்லூரியில் உயிரியல் கற்று 1964இல் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. கால்நடை மருத்துவப் பிரிவில் பேராசிரியையாகவும் உயர்ந்தார்.

அடுப்பங்கரையில் கண்ட உண்மை

மாடுகளைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளைப் பற்றி ஆராய அவர் கிராமங்களுக்குச் சென்றார். அங்கே உண்ணியைவிடப் பெரிய நோய் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன. மழை பெய்தபோது ஆறுகள் செந்நிறமாய் ஓடின. ஓடியது வெறும் நீரன்று, வயல்களின் மேல்மண்.

அதே காலத்தில் அவர் கென்யா மாதர் தேசிய மன்றத்திலும் பணியாற்றி வந்தார். கிராமப் பெண்கள் அங்கே எடுத்துரைத்த குறைகள் மிக எளியவை: விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு இல்லை, கையில் காசில்லை. பசுமை வாய்ந்த மத்திய கென்யாவில் பிள்ளைகள் சத்துக் குறைவால் வாடுவானேன்? விடை அடுப்பங்கரையில் இருந்தது. காப்பியும் தேயிலையும் நடுவதற்காக மரத்தை வெட்டினார்கள், விறகு அரிதாயிற்று. பயறும் மக்காச்சோளமும் சேர்ந்த பழைய உணவு வேக நெடுநேரம் ஆகும். விறகில்லாத தாய் என்ன செய்வாள்? விரைவில் வேகும் வெள்ளை அரிசியையும் மாவையும், அடுப்பே வேண்டாத வெள்ளை ரொட்டியையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். வெட்டுண்ட மரத்தின் விளைவு குழந்தையின் உடலில் வந்து முடிந்தது.

விறகு, வேலி, நிழல், தீவனம், பழம், மண்காப்பு, நீர்காப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அம்மையாருக்குத் தோன்றியது: "ஏன் மரம் நடக்கூடாது?"

1977 ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, நைரோபியின் மாநாட்டு மாளிகையிலிருந்து ஊர்வலமாகச் சென்று, கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரங்களை நட்டார்கள். நாட்டின் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த ஏழு பெரியோரின் நினைவாக நடப்பட்டவை அவை. பசுமை வளைய இயக்கம் பிறந்தது அன்றுதான்.

பட்டயம் பெறாத வனக்காவலர்

நாட்டில் அப்போது ஒன்றரைக் கோடி மக்கள். ஆளுக்கொரு மரம் வீதம் ஒன்றரைக் கோடி கன்றுகள் வேண்டுமென்று அம்மையார் வனத்துறைத் தலைமை அதிகாரியிடம் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, வேண்டிய மட்டும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். இப்பெண்கள் எவ்வளவு நட்டுவிடப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம். ஓராண்டு முடியுமுன்பே, இனி இலவசமாகத் தர இயலாது என்று அவரே சொல்லவேண்டி வந்தது. அத்தனை கன்றுகளைப் பெண்கள் வாங்கிச் சென்றிருந்தார்கள்!

ஆகவே தாங்களே நாற்று வளர்ப்பது என்று முடிவாயிற்று. கற்றுக்கொடுக்க வனத்துறை அலுவலர்கள் வந்தார்கள். நிலத்தின் சரிவு, சூரிய ஒளி விழும் கோணம், பாத்தியின் ஆழம், சரளைக்கல்லின் அளவு என்று பாடம் நடத்தினார்கள். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் வளர்க்கப் பட்டயம் பெற்றிருக்க வேண்டும் என்பது அலுவலர்களின் கருத்து. அம்மையாரோ பெண்களிடம் இந்தப் பாடங்களை மறந்துவிடச் சொன்னார். வாழ்நாள் முழுதும் பயறும் சோளமும் விதைத்து முளைக்கச் செய்தவர்களுக்கு மரவிதை மட்டும் முளைக்காதா? இருக்கிற அறிவைக் கொண்டு செய்யுங்கள் என்று ஊக்கினார்.

அவ்வாறே செய்தார்கள். உடைந்த மண்சட்டிகளில் விதையூன்றி, ஆடும் கோழியும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பழைய தகரக் குவளையில் ஆணியால் ஓட்டையிட்டுப் பூவாளியாக்கினார்கள். வயலில் தானே முளைத்திருந்த மரக்கன்றுகளைக் களையென்று பிடுங்காமல் இனம் கண்டு பெயர்த்தெடுத்தார்கள். ஒருத்தி கண்டுபிடித்த உபாயத்தை அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பட்டயம் பெறாத வனக்காவலர் என்றே பிற்காலத்தில் இவர்களைப் பெருமையோடு அழைத்தார்கள்.

பிழைத்த கன்றுக்கே கூலி

இயக்கத்தின் நடைமுறைதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. ஊர்ப் பெண்கள் முதலில் ஒரு குழுவாகக் கூடவேண்டும். நாற்றங்கால் அமைத்து, விதையை அக்கம்பக்கத்துக் காட்டிலும் வயலிலும் தாங்களே சேகரிக்கவேண்டும். கன்று வளர்ந்தபின் தங்கள் நிலத்தில் நட்டு, அண்டை அயலாருக்கும் வழங்கவேண்டும். பள்ளி வளாகத்திலும் ஆலய வளாகத்திலும் பொது இடங்களிலும், ஆயிரம் மரங்களுக்குக் குறையாமல் வரிசையாக நட்டு வளையம்போல் அமைப்பார்கள். பசுமை வளையம் என்னும் பெயர் அதனால் வந்தது. தங்கள் ஊரில் நட்டு முடிந்ததும் பக்கத்து ஊருக்குச் சென்று அங்குள்ளோரையும் இணங்கச் செய்யவேண்டும்.

இதற்கு ஒரு சிறு கூலியும் உண்டு. ஒரு கன்றுக்கு அமெரிக்கப் பணத்தில் ஏறக்குறைய நான்கு சென்ட் மதிப்பு. ஆனால் அந்தக் கூலி நாற்றுக்கும் அன்று, நட்டதற்கும் அன்று. நாற்றங்காலை விட்டு நடப்பட்ட கன்று பிழைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணம். செத்த கன்றுக்குக் காசில்லை.

இந்த ஒரு விதியில்தான் இயக்கத்தின் வெற்றியே அடங்கியிருந்தது எனில் மிகையாகாது. நடுவது ஒரு நாள் வேலை. காப்பதோ பல மாதத்து வேலை. பிழைத்ததே கணக்கு என்றவுடன், தண்ணீர் சுமப்பதும், முள்வேலி கட்டுவதும், ஆட்டை விரட்டுவதும் தாமே நடந்தேறின. கணக்கு எழுதத் தெரியாத தாய்மாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஊர் இளைஞர்கள் துணை நின்றார்கள். பெண்களின் வேலை என்று ஒதுங்கியிருந்த ஆண்களும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். ஐக்கிய நாடுகளின் மாதர் நிதியும் நார்வே நாட்டு வனவியல் சங்கமும் உதவிக்கரம் நீட்டிய பின் வேலை விரிவடைந்து, ஆயிரக்கணக்கான நாற்றங்கால்கள் எழுந்தன.

தவறான பேருந்து

மரம் மட்டும் நட்டால் போதாது என்பதை அம்மையார் விரைவிலேயே கண்டுகொண்டார். ஆகவே கிராமங்களில் கருத்தரங்குகள் நடத்தினார். முதலில் மக்கள் தங்கள் குறைகளை அடுக்கச் சொல்வார். பட்டியல் நூறையும் தாண்டும். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால், எல்லாம் அரசாங்கத்தால் வந்த வினை என்பார்கள். அது பெரும்பாலும் உண்மையே என்று அம்மையாரும் ஒப்புவார். பிறகு ஓர் உவமை சொல்வார்.

ஒருவர் தவறான பேருந்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பசி, பயம், பண நட்டம், வேண்டாத ஊர் என்று துன்பங்கள் தொடரும். ஏன் தவறான வண்டியில் ஏறினார்? பலகையைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், யாரோ தவறாக வழி சொல்லியிருக்கலாம், கேட்கப் பயமாயிருக்கலாம், குடித்திருக்கலாம், தமக்கே எல்லாம் தெரியும் என்ற இறுமாப்பாகவும் இருக்கலாம். வழி தவறச் செய்தவர் பிறராயினும், இறங்கி வேறு வண்டி பிடிக்கவேண்டியவர் அவரே அல்லவா? தம் நிலத்து மண் ஆற்றோடு போவதைத் தடுக்க ஒரு வரிசை மரம் நடுவதற்கு எந்த அமைச்சருடைய உத்தரவும் தேவையில்லை என்பது மக்களுக்கு அப்போது உறைத்தது.

மரத்துக்காகப் பட்ட அடி

இவ்வாறு சிந்திக்கத் தொடங்கிய மக்களை ஆட்சியாளர் விரும்பவில்லை. 1989இல் நைரோபி நகரின் நடுவிலுள்ள உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசு முனைந்தது. ஏழை எளியோர் ஞாயிறன்று குடும்பத்தோடு வந்து இளைப்பாறும் இடம் அது. அம்மையார் அதிகாரிகளுக்கு மடல் மேல் மடல் எழுதி எதிர்த்தார். பாராளுமன்றத்தில் அவரையும் அவருடைய இயக்கத்தாரையும் இழிவாகப் பேசினார்கள். அரசுக் கட்டடத்திலிருந்த இயக்க அலுவலகத்தைக் காலி செய்யச் செய்தார்கள். அவர் தம் சிறு வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். முடிவில் பணம் தர இருந்தவர்கள் பின்வாங்க, திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா பிழைத்தது.

1992இல் அதே பூங்காவின் ஒரு மூலையில், அரசியல் கைதிகளின் தாய்மார் தங்கள் மக்களின் விடுதலைக்காக உண்ணாநோன்பு இருந்தார்கள். உடனிருந்த அம்மையார் போலீசாரின் தடியடியில் நினைவிழந்து வீழ்ந்தார். தாய்மார் ஆங்கிலிக்கன் சபையின் பேராலயத்தில் புகலிடம் பெற்றுப் போராட்டத்தைத் தொடர்ந்தனர்; அடுத்த ஆண்டு கைதிகளுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் விடுவிக்கப்பட்டனர்.

1999 ஜனவரி 8இல் இன்னொரு சோதனை வந்தது. நகரை ஒட்டிய கரூரா காட்டைத் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் கன்றோடு அங்கே நடச் சென்ற அம்மையாரை அடியாட்கள் தாக்க, தலையில் காயமுற்றார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகாரில், தலையிலிருந்து வழிந்த இரத்தத்தாலேயே கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில், பொது நிலங்களைத் தனியாருக்கு வழங்குவதை நிறுத்துவதாகக் குடியரசுத் தலைவர் மொய் அறிவித்தார். காடும் பிழைத்தது.

பரிசும் பேழையும்

ஆட்சி மாறிற்று. 2002 டிசம்பர் தேர்தலில் அம்மையார் பாராளுமன்ற உறுப்பினராகி, அடுத்த மாதம் சுற்றுச்சூழல் துணை அமைச்சரானார். 2004 அக்டோபர் 8ஆம் நாள், அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. செய்தி கிடைத்தபோது அவர் நியேரிப் பகுதியில் இருந்தார். கென்யா மலையை நோக்கி நின்று, மண்ணைக் கையால் தோண்டி ஒரு கன்று நட்டே அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடினார். அதற்குள் இயக்கத்தார் நட்ட மரங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. பின்னர் 5 கோடியையும் கடந்தன என்பது இயக்கத்தின் கணக்கு.

2011 செப்டம்பர் 25இல் புற்றுநோயால் அவர் காலமானார். தம் சடலத்துக்காக ஒரு மரத்தையும் வெட்டலாகாது என்பது அவர் விருப்பம். மூங்கிலாலும் நீர்த்தாவரங்களாலும் பின்னிய பேழையில் அவர் உடல் வைக்கப்பட்டது. அவர் காத்த உகுரு பூங்காவிலேயே அரசு மரியாதையோடு இறுதி வணக்கம் செலுத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2015 ஜூன் மாதத்தில், படைப்பைப் பேணுவது பற்றி 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலை வெளியிட்ட திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டு நவம்பரில் நைரோபிக்கு வந்தபோது அங்கே தம் கையால் ஒரு மரம் நட்டார். தாய்மார் வளர்த்த பசுமைக்குத் திருச்சபையின் தலைவரும் ஒரு கன்று சேர்த்தார் எனலாம்.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பங்கு மக்களே! கென்யத் தாய்மாரிடம் பெரும்பொருள் இருக்கவில்லை, பட்டயமும் இருக்கவில்லை. கூடிப் பேச ஒரு குழுவும், உடைந்த சட்டியும், தண்ணீர் சுமக்கும் கையும் இருந்தன. இவற்றுள் எது நம்மிடம் இல்லை? மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, மாதர் சங்கம், இளைஞர் இயக்கம், அன்பியங்கள் எல்லாம் வாராவாரம் கூடத்தானே செய்கின்றன. வேம்பும் புங்கனும், நாவலும் இலுப்பையும், பூவரசும் நம் மண்ணுக்கு உரியவை. விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஜூபிலி நினைவாகக் கன்று நடுவோர் நடட்டும். ஆனால் அன்றைக்கே ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குவோம். கோடை முழுதும் தண்ணீர் ஊற்றுவது யார், வேலி கட்டுவது யார், ஆடு மாடு வராமல் பார்ப்பது யார் என்பதைப் பெயர் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டுத் திருவிழாவின்போது, எத்தனை கன்று நட்டோம் என்பதை அல்ல, எத்தனை கன்று பிழைத்தது என்பதையே ஆலயத்தில் வாசிக்கச் செய்வோம். அந்த எண் சிறியதாயினும் நாணவேண்டியதில்லை. கமுகுஞ்சியில் முதல் நாள் நட்டவையும் ஏழே ஏழு மரங்கள்தான்.